எட்டு அம்பியர்

பெரியகல்லாற்றுச் சந்தைக்கு முன்னால்,
"காலஞ்சென்ற சீனித்தம்பியின் அன்பு"
என்ற இடத்தில் கார் கொதித்தது.
பொனற் இடுக்கால் வெள்ளையாய் ஆவி.
மைக் என் கையில், வசனத்தின் மிச்சம் வாயில்.
வேலியால் எட்டிப் பார்த்த பொடியன் கேட்டான்:
"அன்பு என்ன, அங்கிள்?"
மனைவி என்று முடிப்பதற்கு
மூன்று குடம் தண்ணீர் தேவைப்பட்டது.

ஒஸ்ரினில் பிழையில்லை.
ஓடப் பிறந்ததை நான் நடக்க விடுகிறேன்.
மரண அறிவித்தல் நடை வேகத்தில்தான் போகலாம்;
விரைந்தால் பெயர் கேட்கும், நேரம் கேட்காது,
தகனம் முடிந்த பிறகு
அடுத்த ஒழுங்கைக்காரர் மாலையோடு வந்து நிற்பார்.
எஞ்சின் மெதுவானால்
பெல்ற்றில் தொங்கும் விசிறியும் மெது.
காற்று வேண்டிய நேரம் பார்த்துக்
காற்று இல்லை.

மருதமுனை றமீஸ்தீன்
கை துடைக்காமலே சொன்னான்:
"இத கழட்டி எறிங்க. கறண்டு விசிறி பூட்டுவம்.
எஞ்சின் படுத்தாலும் அது சுத்தும்."

ஏறாவூர்ப் பழைய இரும்புக் கடையில்
நொருங்கிய மாருதி ஒன்றின் விசிறி.
நாலு இதழில் ஒன்றின் நுனி உடைந்திருந்தது.
எதிர் இதழையும் அதேயளவு அறுத்தான்,
அப்போதுதான் நடுங்காதாம்.
தகட்டில் நாலு கால்,
பற்றரியிலிருந்து நேரே தடித்த சிவப்பு வயர்,
பியூஸ், ரிலே,
மேல் ஹோசை வெட்டி இடையில் ஒரு சுவிச்,
சூடு பார்த்துத் தானாகப் போடும், தானாக நிறுத்தும்.
காசு என் மனைவியின் சீட்டுக் காசு.
அவளுக்குத் தெரிந்தது பாதி.

"கடதாசி ஒண்டு தாங்க."
டாஷ்போர்டில் கிடந்தது முந்தநாள் துண்டுப்பிரசுரம்:
ஓய்வுபெற்ற தபாலதிபர், கழுத்துப்பட்டியுடன்.
கிறில்லுக்கு முன்னால் பிடித்தான்.
தபாலதிபர் பறந்துபோய்க் கானோரம் விழுந்தார்.
"மாறிட்டு."
இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொழுவினான்.
இப்போது அவர் கிறில்லில் ஒட்டிக்கொண்டார்,
பிடித்து இழுத்தால்தான் வந்தார்.
றமீஸ்தீன் சிரித்தான். நானும்.
பிறகு மடித்து, மண்ணைத் தட்டி,
சட்டைப்பைக்குள் வைத்தேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணி வெயில்.
தார் உருகும் ஒழுங்கைகள் பதினொன்று,
முள் நடுவை விட்டு அசையவில்லை.

ஒன்று மட்டும் அவன் சொல்லாமல் விட்டான்.
விசிறி எழும்பும் அந்தக் கணம்
எட்டு அம்பியரை ஒரே மிடறில் குடிக்கும்;
அம்பிளிபயர் பட்டினி கிடக்கும்.
என் குரல் தாழ்ந்து, கரகரத்து, மீளும்.
எங்கே என்று கணக்கில்லை.
ஒருநாள் "பாசமிகு" என்பதில்,
ஒருநாள் "பேத்தி"யில்,
ஒருநாள் வெறும் "பிற்பகலில்".

துறைநீலாவணையில் யாரோ சொன்னார்களாம்:
"பவளேந்திரன் எந்தச் சாவுக்கும்
தொண்டை அடைச்சுத்தான் அறிவிக்கிறார்."
அதற்குப் பிறகு ஓட்டம் கூடிவிட்டது.
படுவான்கரையிலிருந்தும் தேடி வருகிறார்கள்.
"தனி வயர் இழுத்தா சரிவரும்" என்கிறான் றமீஸ்தீன்.
"நாளைக்குப் பாப்பம்" என்கிறேன்.
மூன்று மாதமாக நாளை.

நேற்று கோட்டைக்கல்லாறு.
கடைசிச் சுற்று முடித்துச்
செத்தவீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தினேன்.
விசிறி நிற்கவில்லை.
கூலியோடு வந்த மருமகன்
காசை நீட்டாமல் காரையே பார்த்தான்.
"அண்ணன், ஓவ் பண்ண மறந்திட்டீங்களோ?"
"இல்லை. சூடு இறங்கினால் நிற்கும்."
"எவ்வளவு நேரம்?"
"அது அதுக்குத்தான் தெரியும்."

இருவரும் நின்றோம்.
செருப்பால் மணலில் ஒரு கோடு கீறினான், அழித்தான்.
சட்டென்று விசிறி ஓய்ந்தது.
அப்போதுதான் கேட்டது,
உள்ளே ஒரு பெண்குரல்
பிளாஸ்ரிக் கதிரைகளை எண்ணுவது:
முப்பத்தாறு, முப்பத்தேழு,
பிறகு இடையில் விட்டு,
திரும்ப ஒன்றிலிருந்து.